இருப்பதை எடுத்துக் கொடுத்தல்

இணையத்தளம் ஒன்றைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அது ஒரே பக்கமாகத் தோன்றும். எழுத்தும் படமும் நிறமும் ஒருங்கே வந்து நிற்பதைக் காண்பவர், அவையெல்லாவற்றையும் ஒரே கை ஒரே இடத்திலிருந்து கொணர்ந்து வைத்தது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. அப்பக்கத்தின் சொற்கள் ஒரு வழியாக வருகின்றன. தலைப்பிலே தெரியும் இலச்சினை இன்னொரு வழியாக வருகின்றது. எழுத்தின் அளவையும் நிறத்தையும் வகுத்துரைக்கும் நடைத்தாள், எழுத்துரு, ஒளிப்படங்கள், பொத்தானை அழுத்தியதும் விரியும் பட்டியலை இயக்கும் சிறு நிரல் என ஒவ்வொன்றும் தனித்தனி வேண்டுகோளுக்கு விடையாக வந்து சேருகின்றது. ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு முப்பது, நாற்பது வேண்டுகோள்கள் செல்வது இந்நாளிற் புதுமையன்று.

அவ்வாறு வருவனவற்றுள் இரு வகை உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையம் தனக்கென ஓர் இணையத்தளம் அமைத்திருக்கின்றது எனக் கொள்க. இன்றைய அறிவித்தல், அடுத்த கூட்டம் நடைபெறும் நாள், உறுப்பினர் ஒருவர் தம் பெயரைக் கொடுத்து உட்புகுந்தால் அவருக்கு மட்டும் காட்டப்பெறும் சந்தாக் கணக்கு ஆகியன, கேட்கும் வேளையில் தரவுத்தளத்தைப் பார்த்து நிரல் தொகுத்து எழுதிக் கொடுப்பவை. நிலையத்தின் இலச்சினை, வாசிகசாலைக் கட்டடத்தின் படம், நடைத்தாள் ஆகியன அவ்வாறானவை அல்ல. அவை முன்னரே ஆக்கப்பட்டு அடுக்கில் இருப்பவை. கேட்பவர் வட்டுக்கோட்டையில் இருந்தாலென்ன, தொரன்ரோவில் இருந்தாலென்ன, அவருக்குக் கொடுக்கப்படுவது அதே கோப்புத்தான். அதற்காகக் கணக்குப் பார்க்க வேண்டுவதில்லை, புதிதாக எழுத வேண்டுவதில்லை. எடுத்துக் கொடுத்தாற் போதும். இவ்வகையினவற்றை நிலைக்கோப்பு என்பர். நிலை என்றதனால் என்றும் மாறாதது என்று பொருள் கொள்ளலாகாது. இலச்சினையை நாளைக்கே வேறாக வரையலாம். கேட்பவரைப் பொறுத்து மாறாதது என்பதே கருத்து.

வலை தோன்றிய காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்கவில்லை. செனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1989 இல் முன்மொழிந்து, 1990 இறுதியில் இயங்கச் செய்த முதல் வழங்கியின் வேலை பெரும்பாலும் இருந்த கோப்பை இருந்தபடியே கொடுப்பதாகவே இருந்தது. கேட்பவருக்கு ஏற்பப் பக்கத்தை அப்போதைக்கப்போது தொகுத்தளிக்கும் வழக்கம் பின்னரே பெருகிற்று. இன்று இரண்டும் ஒரே தளத்திற் கலந்து நிற்கின்றன. கலந்து நிற்பதாலேயே தொல்லையும் பிறக்கின்றது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்கப் பிறநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை நேயர்கள் நன்கு அறிவர். க. மு. செல்லப்பா அவர்கள் 1933 இல் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சி வளர்ந்து, 1959 இல் மாளிகையொத்த கட்டடத்திற் குடிபுகுந்தது. 1981 மே மாத இறுதி நாளிரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பிற்காலத்தில் கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டது, ஏடுகள் மீளவில்லை. ஒரே படியாக இருந்த ஒன்று எரிந்தால் அதற்கு மாற்று இல்லை என்பதை அந்த இரவு கற்பித்தது. 2005 இல் இளைஞர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி, உலகில் எவரும் எடுத்துப் படிக்குமாறு வைத்தது.

அந்த நூலகத்தின் உள்ளமைப்பை உற்று நோக்கினால், மேலே கூறிய இரு வகையும் தெளிவாகப் பிரிந்து கிடப்பதைக் காணலாம். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு முதலியவற்றைச் சொல்லும் பட்டியற் பக்கம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளாற் கேட்கும்போது தொகுக்கப்படுவது. அது நூலகம்.ஓர்க் என்னும் முகவரியில் உள்ளது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டதும் திறக்கும் நூலோ நூலகம்.நெற் என்னும் வேறொரு முகவரியிலிருந்து பி.டி.எவ். கோப்பாக வருகின்றது. அங்கே மென்பொருள் எதுவும் சிந்திப்பதில்லை. கோப்புகள் எண்ணிடப்பட்டு நூறு நூறாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 347 என்னும் எண்ணுடையது நான்காவது நூற்றில் விழும். ஆதலின் 04 என்னும் கோப்புறையில், 347 என்னும் உட்கோப்புறையில், 347 என்னும் பெயருடன் இருக்கும். எண்ணை அறிந்தவர் அடுக்கையும் அறிவார். பழைய நூல்நிலையத்துச் சேவகர் இலக்கத்தைக் கேட்டவுடன் அலுமாரியை நோக்கி நடப்பது போன்றதே இது. இவ்வாறு பிரித்து வைப்பதன் பயன் ஒன்று உண்டு. பட்டியலை ஆளும் மென்பொருளை நாளை மாற்றினாலும், அதைப் பழுதுபார்க்க நேர்ந்தாலும், நூல் இருக்கும் இடம் பெயர்வதில்லை.

இவ்வளவு தெளிவான பிரிவு, தளம் ஒன்றை ஆக்கும் காலத்தில் ஆக்குவோனின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாதவாறு கருவிகளே மறைத்துவிடுகின்றன. ஆக்கற் காலம் என்பது, தளம் பொதுமக்கள் பார்வைக்குச் செல்லுமுன் நிரலாளர் தம் மேசைக் கணினியிலேயே அதை எழுதியும் இயக்கியும் திருத்தியும் பார்க்கும் காலம். அப்பொழுது கேட்பவரும் அவரே, கொடுக்கும் கணினியும் அவருடையதே. ஜாங்கோ என்னும் கருவித்தொகுதியை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்திற் பிறந்து, 2005 இல் பொதுவுக்கு வந்த இத்தொகுதி, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிற்றார்க் கலைஞரின் பெயரைத் தாங்கியது. நூலகம் தொடங்கிய அதே ஆண்டு என்பது தற்செயல் ஒற்றுமையே. இதில் ‘ரன்சேர்வர்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டியதும் கணினிக்குள்ளேயே சிறு வழங்கி ஒன்று எழும்பும். பக்கத்தைத் தொகுப்பதும் அது. படத்தையும் நடைத்தாளையும் தேடி எடுத்துக் கொடுப்பதும் அதுவே. எந்தக் கோப்புறையில் எது கிடக்கின்றது என்று நிரலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. நடைத்தாளில் ஒரு நிறத்தை மாற்றிப் பக்கத்தைப் புதுப்பித்தால் மாற்றம் உடனே தெரியும். வேலை விரைந்து நடக்கும்.

வீட்டிலே நாலு பேர் உண்ணும்போது சமைத்தவரே இலை போட்டு, தண்ணீர் வார்த்து, உப்பும் வைத்துப் பரிமாறுவது வழக்கம். அதில் எவரும் குறை காண்பதில்லை. கலியாண வீட்டில் நானூறு பேருக்குப் பந்தி வைக்கும்போது, அடுப்படியில் நிற்கும் சமையற்காரரையே இலையும் தண்ணீரும் கொண்டு ஓடச் சொன்னால் சோறு கருகும், பந்தியும் குழம்பும். இலை போடச் சிந்தனை வேண்டுவதில்லை, கால் வேண்டும். சமையலுக்குக் காலைவிடக் கவனம் வேண்டும். நிரலையே கோப்புக் கொடுக்கவும் வைப்பது அடுப்படியில் நிற்பவரைப் பந்திக்கு அனுப்புவது போன்றதாம். ஜாங்கோவை ஆக்கியோர் தம் ஆவணத்திலேயே, ஆக்கற் காலத்துக்கான இம்முறை திறனற்றது, பாதுகாப்பும் ஐயத்துக்குரியது, பொதுப் பயன்பாட்டுக்கு உதவாது என்று எச்சரித்திருக்கின்றனர். எச்சரிக்கையைப் படிப்போர் தொகை எவ்விடத்தும் குறைவு.

ஆதலினால் அவர்கள் எச்சரிக்கையோடு நில்லாது ஒரு தாழ்ப்பாளும் இட்டனர். தளத்தின் அமைப்புக் கோப்பிலே பிழைதிருத்த நிலை என ஒரு வரி உண்டு. அது திறந்திருக்கும் வரையிலேயே சிறு வழங்கி நிலைக்கோப்புகளை எடுத்துக் கொடுக்கும். தளத்தை மக்களுக்குத் திறக்கும் நாளில், முறைப்படி, அந்நிலையை மூடிவிடுவர். மூடிய மாத்திரத்தே அவ்வுதவி நின்றுவிடும். திருநெல்வேலியில் ஓர் அறையிலிருந்து மாதக்கணக்காக எழுதிய தளம், திறப்பு நாளன்று நிறமின்றி, படமின்றி, எழுத்து மட்டும் இடப்புறமாகச் சரிந்து நிற்கும். படம் இருக்க வேண்டிய இடத்தில் முறிந்த சட்டமொன்று தோன்றும். வழங்கியின் குறிப்பேட்டில் 404, 404 என்று வரிசை நீளும். கேட்டது கிடைக்கவில்லை என்பதற்கு வலையுலகம் வைத்த எண் அது. கோப்பு அழியவில்லை, அடுக்கிலேயே கிடக்கின்றது. அதை எடுத்துக் கொடுப்பவர்தான் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் நடத்திய போட்டிகளிலோ, தனியார் வகுப்புகளிலோ பயின்று வெளிவரும் இளையோர் தம் முதல் தளத்தில் இந்தக் காட்சியைக் கண்டு திகைப்பது எளிதில் நேரக்கூடியது. சிலர் பிழைதிருத்த நிலையை மீண்டும் திறந்துவிட்டு, படம் வந்துவிட்டது என்று ஆறுதலடைவர். வீட்டின் முன்கதவு திறக்கவில்லை என்று சுவரை இடித்துவிடுவது போன்ற ஆறுதல் அது. அந்நிலை திறந்திருக்கும் தளத்தில் பிழையொன்று நேர்ந்தால், நிரலின் உள்வரிகளும் அவ்வேளை அது கையாண்ட மதிப்புகளும் பார்ப்பவர் திரையிலே விரிந்து நிற்கும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. பல கோப்புறைகளிற் சிதறிக் கிடக்கும் நிலைக்கோப்புகளை ஓரிடத்திலே திரட்ட வேண்டும். ஜாங்கோவில் இதற்குக் ‘கலெக்ட்ஸ்டாட்டிக்’ என ஒரு கட்டளை உண்டு. திரட்டிய அடுக்கை, கோப்புக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். 1995 இல் வெளிவந்த அப்பாச்சி, ருசிய நிரலாளர் ஈகர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் ஆகியன இத்தொழிலிற் பேர்பெற்றவை. நிலைக்கோப்புக்கான வேண்டுகோள் வந்தால் அவை தாமே எடுத்துக் கொடுக்கும். ஏனையவற்றை மட்டும் நிரலிடம் அனுப்பும். சமையற்காரர் அடுப்படியில் நிற்பார்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும் ஒரு படம் மட்டும் வராமல் நிற்பதுண்டு. பெரும்பாலும் பெயரிலே பிழை இருக்கும். ஒளிப்படக் கருவியிலிருந்து வரும் கோப்பின் பெயர் பல வேளைகளில் ஆங்கிலப் பேரெழுத்தில் முடியும். நிரலில் அதைச் சிற்றெழுத்தில் எழுதியிருப்பர். விண்டோஸ் கணினி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், படம் வரும். பொது வழங்கிகள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குவன. அதற்குப் பேரெழுத்து வேறு, சிற்றெழுத்து வேறு, படம் வராது.

தமிழிற் பேரெழுத்து, சிற்றெழுத்து இல்லையே, தமிழிற் பெயரிட்டாற் போகின்றது என்று எண்ணுவோர் உளர். தமிழுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இதனைச் சற்று நின்று நோக்குவது தகும்; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் பலவற்றில் இது பேசப்படுவதில்லை. ஒருங்குறி முறையிலே, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். கோ என்பதைக் ககரத்தின் பின் ஓகாரக் குறி என்னும் ஒற்றைக் குறியீட்டை இட்டும் எழுதலாம். ககரத்தின் பின் ஏகாரத்துக்குரிய இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அச்சிலும் ஒன்றே. கணினியின் நினைவிலோ ஒன்று இரண்டு குறியீடு, மற்றது மூன்று. ஆப்பிள் நிறுவனத்தின் மெக் கணினிகள் நெடுங்காலம் கோப்புப் பெயர்களை இரண்டாவது வகையிற் பிரித்தே சேமித்தன. அக்கணினி இரண்டையும் ஒன்றெனக் கொண்டு படத்தைக் கொடுக்கும். லினக்ஸ் வழங்கி குறியீடு குறியீடாக ஒப்பிடும். ஒவ்வாது என்று 404 சொல்லும்.

இதன் விளைவு யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களிலே விசித்திரமாகப் புலப்படும். நல்லூர்ப் படம் வரும், சுன்னாகம் வரும், பருத்தித்துறை வரும். கொக்குவில் வராது, கோண்டாவில் வராது, கோப்பாய், கொடிகாமம், தொண்டைமானாறு ஒன்றும் வாரா. காரணமறியாத நிரலாளர் அந்த ஊர்ப் படங்களை மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்ப்பார். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிழை தெரியாது; கண்ணாற் காணக்கூடிய பிழையன்று அது. ஔகாரத்திலும் இதுபோல ஒரு பொறி உண்டு. ஔவை என்று எழுத வேண்டியதை ஒகரத்தின் பின் ளகரம் இட்டு எழுதிவிடுவோர் பலர். அது கணினிக்கு முற்றிலும் வேறு சொல்.

தமிழிற் பெயரிடலாகாது என்பதன்று இதனாற் பெறப்படுவது. ஒரே வகைக் குறியீட்டுக்கு எல்லாப் பெயர்களையும் முதலிலேயே மாற்றிவிடும் வசதி நிரல்மொழிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் சிக்கல் தீரும். ஆனால் தமிழ்ப்பெயர் முகவரியிற் செல்லும்போது நீண்டுவிடுவதையும் கருத வேண்டும். ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது குறிகளாக விரியும். யாழ்ப்பாணம் என்னும் சொல்லிலே குறியீடுகள் பதினொன்று. முகவரியில் அது 99 குறிகளாகும். மின்னஞ்சலில் அனுப்பினால் நடுவே முறிந்துபோதலும் உண்டு. நூலகம் தன் கோப்புகளுக்கு வெறும் எண்ணையே பெயராக வைத்ததன் அருமை இவ்விடத்திலே விளங்கும். எண்ணுக்குப் பேரெழுத்தும் இல்லை, கொம்பும் இல்லை. நூலின் அழகிய தமிழ்ப்பெயர் பட்டியற் பக்கத்திலே தலைநிமிர்ந்து நிற்க, அடுக்கிலே எண் வேலை செய்கின்றது.

இன்னொரு வகைக் குழப்பம் உலாவியின் நினைவாற்றலால் வருவது. ஒருமுறை வந்த நடைத்தாளையும் படத்தையும் உலாவி தன்னகத்தே சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வழங்கியைக் கேளாமலே அதை எடுத்துக் காட்டும். இணைப்பு மெதுவான இடங்களில் இது பெரும் வரம். ஆனால் இலச்சினையை மாற்றிய பின்னும் பழைய இலச்சினையே சிலருக்குத் தோன்றிக்கொண்டிருக்கும். ஆக்கற் காலத்தில் சேமிப்பை நிறுத்திவிட்டு வேலை செய்தவருக்கு இது தெரியவே தெரியாது. இதற்குக் கண்ட உபாயம், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த சிறு முத்திரை ஒன்றைப் பெயரோடு சேர்ப்பது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை மாறும், பெயர் மாறும், உலாவி புதியதைக் கேட்கும். மாறாதவற்றை ஓராண்டு வரை வைத்துக்கொள் என்று உலாவிக்குச் சொல்லிவிடலாம்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். ஒரு பிழை திருத்த முடியாதது. சனசமூக நிலையத்தின் தளத்துக்கு ஊரவர் தம்மிடமுள்ள பழைய ஒளிப்படங்களை ஏற்றி அனுப்புகின்றனர் எனக் கொள்க. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, அலுமாரியிற் கிடந்த படத்தொகுப்பை எடுத்துச் செல்ல நினைத்தோர் சிலரே. மீண்டு வந்து பார்த்தவர்க்குப் பல வீடுகளில் அலுமாரியே இருக்கவில்லை. ஆகவே எவரோ ஒருவர் கைப்பையில் வைத்திருந்து காப்பாற்றிய பாடசாலைக் குழுப்படம் ஒன்று, அந்த வகுப்புக்கே எஞ்சிய ஒரே சான்றாக இருக்கக்கூடும். அதுவும் திரையில் ஒரு படந்தான். இலச்சினையும் ஒரு படந்தான். இரண்டும் கேட்டவர்க்கு மாறாமற் கொடுக்கப்படுபவை. ஆதலின் இரண்டையும் ஒரே கோப்புறையிற் போட்டால் என்ன என்று நிரலாளர் எண்ணுவது எளிது. ஆக்கற் காலத்தில் அதனால் எந்த இடரும் தோன்றாது.

இடர் பின்னர் வரும். நிலைக்கோப்புகளைத் திரட்டும் கோப்புறை, எப்பொழுதும் அழித்துவிட்டு மூலத்திலிருந்து மீண்டும் ஆக்கக்கூடியது என்ற எண்ணத்தில் அமைந்தது. திரட்டுமுன் பழையவற்றை முற்றாகத் துடைத்துவிடும் வசதியும் அக்கட்டளைக்கு உண்டு. இலச்சினையும் நடைத்தாளும் துடைபட்டால், ஒரு நொடியில் மூலத்திலிருந்து மீண்டும் வந்துவிடும். ஊரவர் அனுப்பிய படத்துக்கு அந்தக் கணினியில் மூலம் எங்கே? அது அங்கேதான் இருந்தது; துடைக்கப்பட்டதும் அதுவே. நிரலாளர் ஆக்கியவற்றை நிலைக்கோப்பு என்றும், பயன்படுத்துவோர் ஏற்றியவற்றை ஏற்றக்கோப்பு என்றும் ஜாங்கோ இரண்டு பெயரிட்டு இரண்டு இடம் வகுத்திருப்பது வெறும் ஒழுங்குக்காக அன்று. முன்னது மீளும், பின்னது மீளாது. மீளாததற்குத் தனி அடுக்கு வேண்டும். நாள்தோறும் வேறோர் ஊரிலுள்ள வேறொரு கணினிக்குப் படியெடுக்கவும் வேண்டும். 97,000 நூல்களை ஒரே கட்டடத்தில் இழந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

அடுக்கைத் திறந்துவிடும்போது எதைத் திறக்கின்றோம் என்பதிலும் கண் வேண்டும். நிலைக்கோப்புக் கோப்புறைக்குள் தரவுத்தளத்தின் படியொன்றையோ, கடவுச்சொல் எழுதிய அமைப்புக் கோப்பையோ மறதியாக விட்டுவிட்டால், வழங்கி அதையும் கேட்டவர்க்குப் பணிவோடு எடுத்துக் கொடுக்கும். இலச்சினைக்கும் கடவுச்சொல்லுக்கும் வேற்றுமை காண அதற்குத் தெரியாது. முகவரியில் இரண்டு புள்ளிகளை இட்டு, இந்தக் கோப்புறைக்கு மேலே உள்ளதைக் கொடு என்று கேட்டுப் பார்ப்பவர்களும் உலகில் உளர். தேர்ந்த வழங்கிகள் இதை மறுத்துவிடும். தாமே பத்து வரியில் எழுதிய வழங்கி மறுக்குமா என்பதை எழுதியவரே சோதித்துக்கொள்ள வேண்டும்.

நிலைக்கோப்புகளை எங்கே வைப்பது என்பதில் மற்றொரு வழக்கமும் பரவியிருக்கின்றது. எழுத்துருவையும் பொதுவான சிறு நிரல்களையும் தம் கணினியில் வையாது, வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் வழங்கிகளிலிருந்து நேரே வரவழைப்பது அது. கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவர்க்கு இது வசதி. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இவ்வசதியின் மறுபுறம் தெரிந்தது. மடிக்கணினியில் மின்கலம் இருக்கும், வேலை செய்யலாம். ஆனால் வீட்டிலுள்ள இணையக் கருவி அணைந்துவிடும். எல்லாக் கோப்பையும் தன் கணினியிலே வைத்திருந்தவரின் ஆக்கற் காலத் தளம் அப்போதும் முழுமையாகத் திறக்கும். எழுத்துருவைக் கடல் கடந்து கேட்டவரின் தளமோ வெளிப்பார்வைக்குக் குலைந்து நிற்கும். தொண்ணூறுகளில் மின்சாரமற்றிருந்த குடாநாட்டில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. அவர்களுடைய பிள்ளைகள் அதைக் கணினியில் மீளக் கற்க நேர்ந்தது.

திறப்பு நாளுக்கு முன்னர் ஓர் ஒத்திகை நடத்துவது தேர்ந்தோர் கைக்கொள்ளும் முறை. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதிலே என்ஜின்எக்ஸையும் அமைத்துத் தளத்தை அதில் ஏற்றுவர். பிழைதிருத்த நிலையை மூடுவர். கோப்புகளைத் திரட்டுவர். பிறகு தம் கணினியிற் பாராது, வீட்டிலுள்ள மற்றொருவரின் கைத்தொலைபேசியை வாங்கி அதிற் பார்ப்பர். முன்னொருபோதும் அத்தளத்தைத் திறந்திராத கருவியில் பழைய சேமிப்பு ஏமாற்றாது. வழங்கியின் குறிப்பேட்டை அருகே திறந்து வைத்து, 404 என்னும் எண் எங்கேனும் தோன்றுகின்றதா என்று வரி வரியாக நோக்குவர். இலச்சினை வரவேண்டும், நடைத்தாள் வரவேண்டும், நல்லூர்ப் படத்தோடு கோப்பாய்ப் படமும் வரவேண்டும். பின்னர்த் திரட்டிய கோப்புறையை வேண்டுமென்றே ஒருமுறை முற்றாகத் துடைத்து, மீண்டும் திரட்டி, ஊரவர் அனுப்பிய படங்கள் ஒன்றும் குறையாமல் தம் அடுக்கில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தபின்பே சனசமூக நிலையத்தாரிடம் தளத்தைக் கையளிப்பர்.